மைனர் குழந்தையின் விபத்து இழப்பீட்டை அப்பா எடுத்துச் செலவழிக்காமல் தடுக்க முடியுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும். உங்கள் அக்காவும் அவர் மகளும் பைக்கில் போகும்போது லாரி மோதி அக்கா இறந்துவிட்டார். குழந்தைக்கு இப்போது 9 வயது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அக்கா வீட்டுக்காரர் குழந்தைக்குக் கார்டியனாக நின்று மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டு, 15 லட்சமும் 7.5 சதவீத வட்டியும் கொடுக்கும்படி தீர்ப்பு வந்திருக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனி இன்னும் பணம் கட்டவில்லை. குழந்தை வளர்வது பாட்டியிடம், அதாவது உங்கள் அம்மாவிடம். அப்பாவுக்குக் குடி, வெளியில் கடன். கேட்டால், "அவளுக்குத்தானே வீடு கட்டப் போறேன்" என்கிறார். பெற்ற தகப்பன் என்பதால் பணத்தில் அவருக்கே முழு உரிமையா, தடுக்க வழி உண்டா என்று கேட்கிறீர்கள்.

தடுக்கலாம். பணம் இன்னும் கட்டப்படவில்லை என்பதுதான் உங்கள் கேள்வியிலேயே நல்ல செய்தி. பணம் தீர்ப்பாயத்தின் பிடியில் இருக்கும்வரை ஒரு மனுவில் முடியும் வேலை, வெளியே போய்விட்டால் பல வருட சிவில் வழக்காகிவிடும். அதில் ஜெயித்தாலும் எதிராளி கையில் வசூலிக்க ஒன்றும் இருக்காது. நான் இந்த வகை வழக்குகளை நடத்தும் வக்கீல். கீழே எழுதுவது தமிழ்நாட்டு நடைமுறையை மனதில் வைத்து.

முதலில் உரிமை யாருக்கு என்பது. பணம் குழந்தையுடையது. அப்பா வெறும் கார்டியன். இந்து மைனர் மற்றும் கார்டியன் சட்டம் 1956-இன்படி அவர் இயற்கைக் கார்டியன்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. குழந்தையின் பெயரில் நிலமோ வீடோ இருந்தால், நீதிமன்ற அனுமதி இல்லாமல் அப்பா அதை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று 8-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. மீறி விற்றால் குழந்தை பின்னால் அதை ரத்து செய்யக் கேட்கலாம். ரொக்கத்துக்கு அப்படி ஒரு வரி அந்தப் பிரிவில் இல்லை. குழந்தையின் ஒரு சென்ட் நிலத்தை விற்க மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய தகப்பன், குழந்தையின் சேமிப்புக் கணக்கில் கிடக்கும் பத்து லட்சத்தை எடுக்க வித்ட்ராயல் சிலிப்பில் கையெழுத்துப் போட்டால் போதும். ஆகவே காசு எந்த நிலையிலும் "மைனர், கார்டியன் இன்னார்" என்ற சாதாரண சேமிப்புக் கணக்குக்கு மொத்தமாக வந்து விழக் கூடாது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இப்போது செக் போடுவதை விட்டு நேராக வங்கிக் கணக்குக்கு அனுப்புவது பழக்கமாகி வருகிறது. பெரியவர்களுக்கு இது நல்லது, நடுவில் கமிஷன் அடிக்கும் ஆட்கள் குறைவார்கள். மைனர் பங்கு எந்தக் கணக்குக்குப் போகிறது என்பதை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் நீதிமன்ற நடைமுறை வேறு பக்கத்திலிருந்து வருகிறது. சிவில் நடைமுறைச் சட்டத்தில் 32-ஆவது கட்டளையை உங்கள் வக்கீல் அறிந்திருப்பார். அதன் 6-ஆவது விதி, மைனருக்காக வழக்கு நடத்துபவர் நீதிமன்ற அனுமதியின்றி தீர்ப்புப் பணத்தைக் கையில் வாங்கக் கூடாது என்கிறது. 7-ஆவது விதிப்படி, அனுமதியில்லாமல் மைனர் சார்பில் சமரசமும் செய்ய முடியாது. உச்ச நீதிமன்றமும் சூசம்மா தாமஸ் வழக்கில், 1994 தீர்ப்புத் தொகுப்புகளில் வந்தது அது, மைனர் பணத்துக்குத் தனி நெறிமுறையே கொடுத்துவிட்டது. குறைந்தது குழந்தை மேஜராகும் நாள்வரை நீண்டகால ஃபிக்சட் டெபாசிட்டில் போட வேண்டும். அந்த டெபாசிட்டின்மேல் வங்கி கடனோ முன்பணமோ தரக் கூடாது. தொகை பெரிதாக இருந்தால் ஒரே டெபாசிட்டாகப் போடாமல் பலவாகப் பிரித்துப் போடலாம், அவசரம் வந்தால் ஒன்றை மட்டும் உடைத்துக்கொள்ள வசதியாக. இந்தக் கடைசி யோசனை எவ்வளவு நடைமுறை அறிந்தது பாருங்கள். ஆனால் அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு.

நம்மூர்த் தீர்ப்புகளில் வழக்கமாக ஒரு வாசகம் வரும்: மைனரின் தொகையைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில் மேஜராகும்வரை டெபாசிட் செய்ய வேண்டும், கார்டியன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை மட்டும் குழந்தையின் நலனுக்காக எடுத்துக்கொள்ளலாம் என்று. உங்கள் தீர்ப்பிலும் அது இருக்க வேண்டும். முதலில் அதைப் பாருங்கள். எம்.சி.ஓ.பி. எண், அதாவது விபத்து இழப்பீட்டு வழக்கின் எண், தெரியாவிட்டால் ஈ-கோர்ட்ஸ் தளத்தில் கட்சிக்காரர் பெயர் போட்டுத் தேடினால் கிடைத்துவிடும். நீங்கள் வழக்கில் இல்லாதவர் என்பதால், சான்றிட்ட நகல் வாங்கக் காரணம் சொல்லி ஒரு அஃபிடவிட்டோடு நகல் மனு போட வேண்டியிருக்கும்.

வாசகம் இருக்கிறது, அப்புறம் என்ன பயம் என்று தோன்றும். பயம் பணம் எடுக்கும் மனுவில் இருக்கிறது. தீர்ப்பு வந்து ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, கார்டியன் ஒரு மனு போடுவார்: மகளுக்கு மேல்சிகிச்சை, செயற்கைக் கால், பள்ளிக் கட்டணம், ஆகவே டெபாசிட்டிலிருந்து நான்கு லட்சம் எடுக்க அனுமதி வேண்டும். கூடவே ஏதோ ஒரு கிளினிக்கின் லெட்டர்ஹெட்டில் எஸ்டிமேட். இந்த மனுவில் எதிர்மனுதாரர் யார்? இன்ஷூரன்ஸ் கம்பெனி. அவர்கள் பணத்தைக் கட்டி ஃபைலை மூடிவிட்டார்கள், அது யார் கைக்குப் போனால் அவர்களுக்கென்ன. "ஆட்சேபணை இல்லை" என்று எழுதிவிடுவார்கள், அல்லது வரவே மாட்டார்கள். நீதிபதி முன்னால் ஒரே நாளில் இப்படி எத்தனையோ மனு. பெற்ற அப்பா, கால் இழந்த மகள், டாக்டர் கடிதம். சந்தேகப்பட அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. மைனர் பணம் போகும் இடங்களில் பெரும்பாலானவை இப்படி எதிர்க்க ஆளே இல்லாத மனுக்கள்தான். மோசடி, கள்ளக் கையெழுத்து எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டிய முக்கியமான வேலை, அந்த மனுவுக்கு ஒரு எதிராளியை உண்டாக்குவது. உங்கள் அம்மா, அதாவது குழந்தையின் பாட்டி, அதற்குப் பொருத்தமானவர். குழந்தை அவர் வீட்டில் வளர்கிறது, பள்ளியில் அவர்தான் கையெழுத்துப் போடுகிறார், ரேஷன் கார்டில் பெயர் இருந்தால் இன்னும் நல்லது. அவர் பெயரில் தீர்ப்பாயத்தில் ஒரு இடைக்கால மனு போட்டு, தன்னையும் ஒரு தரப்பாகச் சேர்க்கச் சொல்ல வேண்டும். குழந்தையின் பணம் சம்பந்தமாக இனி யார் எந்த மனு போட்டாலும் தனக்கு நோட்டீஸ் கொடுத்துக் கேட்ட பிறகே உத்தரவு போட வேண்டும் என்றும் அதே மனுவில் கேட்க வேண்டும். இந்த ஒரு உத்தரவு கிடைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

ஒரு படி மேலே போய், அப்பாவைக் கார்டியன் ஸ்தானத்திலிருந்து மாற்றவும் கேட்கலாம். அதே 32-ஆவது கட்டளையின் 9-ஆவது விதியில் இதற்கு இடம் இருக்கிறது: மைனரின் நலனுக்கு முரணான நலன் அவருக்கு இருந்தாலோ, கடமையைச் செய்யாவிட்டாலோ நீக்கலாம். கடன்காரர்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஒருவருக்கு, மகளின் பணத்தில் முரணான நலன் இருக்கிறது என்று வாதிடலாம். ஆனால் இதில் என் யோசனை கொஞ்சம் வேறு. ஆரம்பத்திலேயே "குடிகாரர், நீக்குங்கள்" என்று போனால் அவர் வீம்புக்குக் குழந்தையைத் தன்னிடம் தரச் சொல்லி வேறு வழக்குப் போடுவார். குழந்தை பாட்டியோடு நிம்மதியாக இருக்கும்போது அந்தச் சண்டையை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? அவர் கார்டியனாகவே இருக்கட்டும், பணத்தை மட்டும் பூட்டுங்கள் என்று கேட்டால் நீதிபதியும் சுலபமாக இறங்கி வருவார், அவரும் பெரிதாக எதிர்க்க முடியாது. எதிர்த்தால், ஏன் எதிர்க்கிறார் என்று நீதிபதியே யோசிப்பார்.

பூட்டும்போது வாசகத்தில் கவனம் வேண்டும். "வங்கியில் டெபாசிட் செய்க" என்ற ஒற்றை வரி போதாது. உங்கள் வக்கீல் மனுவின் வேண்டுகோள் பகுதியில் ஏறக்குறைய இப்படிக் கேட்கலாம்:

"மைனரின் இழப்பீட்டுத் தொகை முழுவதும், அதன்மேல் சேர்ந்த வட்டியுடன், தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் மைனரின் பெயரில் நான்கு தனித்தனி டெபாசிட்டுகளாக அவர் மேஜராகும் தேதிவரை வைக்கப்பட வேண்டும். முன்னதாக முதிர்வடைந்தால் வங்கி தானாகவே புதுப்பிக்க வேண்டும். இந்தத் தீர்ப்பாயத்தின் எழுத்துமூல உத்தரவு இல்லாமல் முன்கூட்டி முடிக்கவோ, கடன் தரவோ, வேறு கிளைக்கு மாற்றவோ, கார்டியனை மாற்றவோ கூடாது. அசல் ரசீதுகள் வங்கியின் பாதுகாப்பில் இருக்க வேண்டும். வட்டி சேரும் கணக்குக்குச் செக் புத்தகமும் ஏ.டி.எம். கார்டும் தரக் கூடாது. இந்த உத்தரவின் நகல் கிளை மேலாளருக்கு அனுப்பப்பட வேண்டும்."

இதில் "வட்டியுடன்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். வழக்கு மூன்று வருடம் நடந்திருந்தால் 15 லட்சத்துக்கு 7.5 சதவீதத்தில் 3 லட்சத்து 37 ஆயிரத்து 500 ரூபாய் வட்டி. அசல் மட்டும் டெபாசிட்டுக்குப் போய், வட்டியும் வழக்குச் செலவுத் தொகையும் கார்டியன் கைக்கு வந்துவிடும்படி உத்தரவு வாங்குகிறவர்கள் உண்டு. வட்டியும் குழந்தையுடையதுதான்.

கிளை மேலாளருக்கு நகல் என்பதும் சும்மா இல்லை. மேலாளர்கள் இரண்டு மூன்று வருடத்தில் மாறிவிடுவார்கள். புதிதாக வருகிறவர் கணினியில் "மைனர் டெபாசிட், கார்டியன் அப்பா" என்று மட்டும் பார்த்தால் கடன் கேட்டு வரும் அப்பாவுக்குக் கொடுத்துவிடலாம். கணக்கிலேயே தீர்ப்பாயத்தின் தடை பதியப்பட்டிருக்க வேண்டும். பதிந்தார்களா என்று உங்கள் அம்மா நேரில் போய்க் கேட்டு, பதிந்ததாக ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளட்டும். கூட்டுறவு வங்கி, சிறு நிதி வங்கி எல்லாம் அரை சதவீதம் கூடத் தருகிறது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அப்படி ஒரு வங்கி நொடித்துப்போனால், டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான்.

நான்கு டெபாசிட் என்று ஏன் சொன்னேன் என்பதற்குக் கணக்கு ஒன்று. செலவெல்லாம் போக 16 லட்சம் நின்றது என்று வைத்துக்கொள்வோம், வட்டி 6.5 சதவீதம். தலா 4 லட்சமாக நான்கு. இரண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி எடுத்தால் மூன்று மாதத்துக்கு 13,000 ரூபாய், குழந்தையின் அன்றாடச் செலவுக்கு. மற்ற இரண்டையும் தொடாமல் வட்டியோடு வளரவிட்டால், 8 லட்சம் ஒன்பது வருடத்தில் சுமார் 14 லட்சத்து 30 ஆயிரமாக நிற்கும். வழக்கமான உத்தரவில் 16 லட்சத்துக்கும் வட்டியை எடுத்துக்கொண்டே போவார்கள், 18 வயதில் குழந்தைக்குக் கிடைப்பது அதே 16 லட்சம். ஒன்பது வருட விலைவாசியில் அதன் மதிப்பு என்னவாகியிருக்கும் என்று யாரும் பார்ப்பதில்லை. அந்த வட்டி குழந்தைக்குத்தான் செலவானதா என்று கணக்குக் கேட்பவரும் இல்லை. அப்பா பணத்தை எடுப்பது என்றால் எல்லோரும் அசலையே நினைக்கிறார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகும் வட்டி கண்ணில் படுவதில்லை. ஆகவே வட்டி எடுக்கும் அனுமதியைப் பாட்டி பெயரில் கேளுங்கள். குழந்தை யாரிடம் வளர்கிறதோ அவரிடம் வட்டி போவதுதான் நியாயம் என்பதை எந்த நீதிபதிக்கும் நீட்டி விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பூட்டு அளவுக்கு மீறி இறுகினாலும் குழந்தைக்குத்தான் நஷ்டம். வளரும் பிள்ளைக்குச் செயற்கைக் கால் ஒருமுறை வாங்கி முடிகிற விஷயம் இல்லை. எலும்பு வளர வளர, வெட்டிய காலை நுழைக்கும் சாக்கெட் பொருந்தாமல் போகும், உயரம் கூடும், அவ்வப்போது மாற்ற வேண்டும். சில குழந்தைகளுக்கு வெட்டிய எலும்பின் நுனி வளர்ந்து தோலைக் குத்தும், மறுபடி அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும். இதற்கெல்லாம் பணம் எடுக்காமல் 18 வயதுவரை காத்து வைத்து என்ன பயன்? உச்ச நீதிமன்றமே 2012-இல் ஏ.வி. பத்மா வழக்கில், தீர்ப்பாயங்கள் யோசிக்காமல் எந்திரத்தனமாகப் பணத்தை முடக்கக் கூடாது என்று கண்டித்திருக்கிறது. அந்த வழக்கு பெரியவர்களின் பணத்தைப் பற்றியது என்றாலும் கருத்து பொதுவானது. எனவே அப்பா சிகிச்சைக்குப் பணம் கேட்டு மனு போட்டால் ஒரேயடியாக "கூடாது" என்று எதிர்க்காதீர்கள். "ஆட்சேபணை இல்லை, ஆனால் தொகை நேராக மருத்துவமனையின் கணக்குக்குப் போகட்டும், பில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் ஆகட்டும்" என்று சொல்லச் சொல்லுங்கள். பள்ளிக் கட்டணத்துக்கும் அப்படியே. உண்மையான தேவைக்குக் கேட்டவர் இதற்குச் சம்மதிப்பார். பொய்யாகக் கேட்டவர் மனுவைத் தொடர மாட்டார்.

இதோடு, டெபாசிட்டைத் தொடும் முன் அரசு வழியாகக் கிடைப்பதைப் பார்த்துவிடுங்கள். சென்னை கே.கே. நகரில் இருக்கும் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் செயற்கைக் கால் செய்து பொருத்துகிறார்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் விசாரியுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுக்கவில்லை என்றால் உடனே எடுங்கள், வரியிலும் அது உதவும். மைனரின் வட்டி வருமானத்தைப் பெற்றோர் வருமானத்தோடு சேர்த்து வரி போடுவது வழக்கம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஊனம் உள்ள குழந்தைக்கு அந்த விதி பொருந்தாது.

வீடு கட்டும் பேச்சுக்கு வருகிறேன். யார் பெயரில் இருக்கும் மனையில் கட்டப் போகிறார்? அவர் பெயரிலோ அவர் அப்பா பெயரிலோ இருந்தால் அது குழந்தையின் வீடு இல்லை. நாளை மறுமணம் செய்துகொண்டால் அந்த வீட்டில் பங்கு கேட்க வேறு பிள்ளைகளும் வருவார்கள், கடன்காரர்களும் வருவார்கள். உண்மையிலேயே மகளுக்காகத்தான் என்றால், மனை மகள் பெயரில் பதிவாகட்டும், தீர்ப்பாயம் கிரயப் பத்திரத்தைப் பார்த்து, பணத்தை நேராக விற்பவருக்குக் கொடுக்கட்டும். முன்னால் சொன்ன 8-ஆவது பிரிவு அப்போது அந்தச் சொத்துக்குக் காவலாக இருக்கும். இதை அவரிடம் எதிர்யோசனையாகச் சொல்லிப் பாருங்கள். அவர் சம்மதிக்கிறாரா என்பதிலேயே உங்களுக்கு விஷயம் தெரிந்துவிடும்.

மருத்துவச் செலவு என்ற தலைப்பில் தீர்ப்பில் ஒரு தொகை இருக்கும். கார்டியன் கைக்காசு போட்டுச் செலவழித்திருந்தால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவருக்கு நியாயம் உண்டு, சூசம்மா தாமஸ் தீர்ப்பும் அதை அனுமதிக்கிறது. ஆனால் செலவழித்தது யார்? நகையை அடகு வைத்தது உங்கள் அம்மா என்றால், அடகுச் சீட்டு, மருத்துவமனைக்கு உங்கள் கணக்கிலிருந்து போன பணத்தின் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

இரண்டு விஷயங்களைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். தீர்ப்புத் தேதியிலிருந்து 90 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனி உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். அங்கே லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில் வைத்து "கொஞ்சம் குறைத்து உடனே வாங்கிக்கொள்ளுங்கள்" என்று பேசுவார்கள். கடன் நெருக்கடியில் இருக்கும் அப்பா உடனடிப் பணத்துக்கு ஆசைப்பட்டு 15-ஐ 11-க்கு முடித்துவிடக்கூடும். லோக் அதாலத் முடிவின்மேல் மேல்முறையீடு கிடையாது. ஆகவே மேல்முறையீடு வந்தால் அங்கும் உங்கள் அம்மா ஒரு தரப்பாகச் சேர வேண்டும். அதே 90 நாள் குழந்தைக்கும் உண்டு, தொகை போதாது என்று கேட்க. 15 லட்சம் சரியான தொகைதானா என்பதை ஒரு நல்ல வக்கீலிடம் காட்டுங்கள். பலத்த காயமடைந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம், குழந்தையை வருமானமே இல்லாதவர் என்று எடுத்துக்கொள்ளாமல், தேர்ந்த தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியை வைத்து எதிர்கால வருமான இழப்பைக் கணக்கிட்டது. உங்கள் தீர்ப்பில் எதை வைத்துக் கணக்கிட்டார்கள், வருங்காலச் செயற்கைக் கால்களுக்கு ஏதாவது கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

நீங்கள் குறிப்பிடாத ஒன்று: அக்காவின் மரணத்துக்கான இழப்பீடு. அது தனி எம்.சி.ஓ.பி. அதில் கணவர், குழந்தை, உங்கள் அம்மா மூவரும் கட்சிக்காரர்களாக இருக்க வேண்டும். உங்கள் அம்மாவை விட்டுவிட்டு வழக்குப் போட்டிருந்தால் அதற்கும் சேர்ப்பு மனு போடுங்கள். யாருக்கு எவ்வளவு என்பதைத் தீர்ப்பாயம் பிரித்துச் சொல்லும். குழந்தைக்கு வரும் பங்குக்கும் மேலே சொன்ன பூட்டு அவ்வளவும் பொருந்தும். ஒரு வழக்கில் காவல் போட்டுவிட்டு மற்றதை மறந்துவிட்டால் பணம் அந்த வழியாகப் போய்விடும்.

தீர்ப்பாயத்தில் இவ்வளவும் கேட்டுக் கிடைக்காவிட்டால், அல்லது குழந்தைக்கு வேறு சொத்தும் இருந்தால், கார்டியன்கள் மற்றும் வார்டுகள் சட்டம் 1890-இன்கீழ் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். இது எல்லா மதத்தவருக்கும் பொதுவான சட்டம். உறவினர் யாரும் மனு போடலாம். குழந்தையை வளர்க்க ஒரு கார்டியன், சொத்துக்கு வேறு கார்டியன் என்று பிரித்து நியமிக்கவும் இதில் இடம் உண்டு. அப்படி நியமிக்கப்படுகிறவரிடம் நீதிமன்றம் ஜாமீன் பத்திரம் கேட்கும், ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கேட்கும், கணக்குக் கேட்கும், தவறினால் நீக்கும். உங்கள் அம்மாவுக்கு இது பாரம். என்னைக் கேட்டால் தீர்ப்பாயத்து மனு பலித்தால் இது வேண்டாம்.

வக்கீல் செலவைப் பற்றித் தயங்காதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் பேசலாம். அப்பாவுக்கு வழக்கு நடத்திய வக்கீலிடமே இந்த மனுவைக் கொடுக்காதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவருடைய கட்சிக்காரர் அப்பா.

ஒருவேளை நீங்கள் போவதற்குள் பணம் போயிருந்தால்? தீர்ப்பாயத்தின் தடையை மீறி வங்கி கொடுத்திருந்தால் வங்கியைப் பதில் சொல்ல வைக்கலாம், அங்கே வசூலுக்கும் வழி இருக்கிறது. அனுமதி வாங்கி எடுத்து வேறு வழியில் செலவழித்திருந்தால், கணக்குக் கேட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனு போட்டு, எஞ்சியதை உடனே முடக்க வேண்டும். நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடியது குற்றம்தான், புதிய பாரதிய நியாய சம்ஹிதாவில் 316-ஆவது பிரிவு. ஆனால் ஸ்டேஷனில் "இது குடும்ப விஷயம், சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். போலி பில், போலிக் கையெழுத்து இருந்தால்தான் அந்தப் புகாருக்குப் பலம். குழந்தை மேஜரான பிறகு தானே அப்பாமேல் வழக்குப் போடலாம். காலவரையறைச் சட்டம் மைனராக இருந்த காலத்தைக் கழித்துவிடுவதால், பொதுவாக 18 முடிந்து மூன்று வருடம், அதாவது 21 வயதுவரை நேரம் இருக்கும்.

18 வயதில் டெபாசிட் தானாகக் கைக்கு வந்துவிடாது. மேஜராக அறிவித்து, கார்டியனை விடுவித்து, பணத்தை எடுக்க அனுமதிக்கக் கோரி அந்தப் பெண்ணே அதே எம்.சி.ஓ.பி.யில் மனு போட வேண்டும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், தன் பெயரில் மட்டும் உள்ள வங்கிக் கணக்குப் புத்தகம் தேவைப்படும். அந்த நாளில் உங்கள் அம்மா உயிரோடு இருப்பாரா, நீங்கள் அந்த ஊரில் இருப்பீர்களா என்று தெரியாது. எனவே வழக்கு எண், தீர்ப்பு நகல், வங்கிக் கிளை, டெபாசிட் எண்கள், தடை பதிந்த கடிதம் எல்லாவற்றையும் இரண்டு செட் எடுத்து ஒன்றை உங்களிடமும் ஒன்றை நம்பிக்கையான இன்னொருவரிடமும் வையுங்கள். பெண்ணுக்குப் பதினைந்து பதினாறு வயதாகும்போது இப்படி ஒரு பணம் தன் பெயரில் இருக்கிறது, அது எங்கே இருக்கிறது, யாருடைய கையெழுத்தில் வரும் என்று அவளிடமே சொல்லிவிடுங்கள். முதிர்வுத் தேதிக்கு ஒரு வாரம் முன்பு யாராவது அவளிடம் வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால், எதற்கு என்று அவள் கேட்பாள்.